இது நம்மூர்ப் பாம்பு இல்லை

லீடர், நீ பொய்யன்.

பத்து வயதில், வகுப்பு லீடராக இருந்தபோது நீ சொன்ன பொய்யை நான் விட்டுவிடுவேன். அந்த வயதில் நானும் யோக்கியம் இல்லை. நாற்பது தாண்டிய பிறகு அதையே வழவழப்பான தாளில் அச்சடித்து நாலு ஊருக்கு வீடு வீடாகக் கொடுக்கிறாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நாகாத்தம்மன் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸைச் சொல்கிறேன். மேலே அம்மன். கீழே விழாக்குழுத் தலைவர் என்று உன் படம், அம்மனைவிடக் கொஞ்சம்தான் சின்னது. நடுவில் தல வரலாறு. பொறாமை பிடித்த பாம்பாட்டி ஒருவன் வெளியூரிலிருந்து கருநாகத்தைக் கொண்டுவந்து ஊருக்குள் விட்டானாம். உன் அப்பா அதை அடித்து ஊரைக் காப்பாற்றினாராம். அன்று ராத்திரியே அம்மன் கனவில் வந்து இடம் கேட்டாளாம். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீ அதைப் போட்டதும் எல்லோரும் கும்பிடும் கையைப் போட்டார்கள். நானும் போட்டேன். போட்ட பிறகுதான் படித்தேன்.

கூடப் படித்தவர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. எனக்குக் கம்பெனி ஸ்டோர்ஸில் நின்று நின்று முட்டி போய்விட்டது. இன்னும் கொஞ்ச காலம் போனால் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது, நோட்டீஸ்தான் இருக்கும். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வருஷத்தை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது பாம்பு இல்லை. மர வாசனை.

நாம் ஐந்தாவது படித்த வருஷம். மேய்ச்சல் நிலத்தை நிரவி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, முதல் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் எழும்பும் முன்பே மிஷின்கள் வந்துவிட்டன. பங்குனி வெயிலில், பெரிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக மண் ரோட்டில் ஆடி ஆடி வந்து நின்றன. ஒவ்வொரு லாரியிலும் வீடு மாதிரி ஒரு மரப்பெட்டி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை என்றார்கள். கிரேன் அவற்றைத் தூக்கி வெட்டவெளியில் வரிசையாக இறக்கி வைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கானலில் அந்தப் பெட்டிகள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். கதவு இல்லாத, ஜன்னல் இல்லாத, யாரும் குடியிருக்காத ஒரு தெரு. அந்தத் தெருவுக்குள் நாம் மத்தியான வேளையில் நடந்து போவோம். பெட்டிகளின் நிழல் மட்டும் சில்லென்று இருக்கும்.

அந்த மரம் நம் ஊர் மரம் மாதிரி இல்லை. மாட்டுப்பால் ஆடை நிறம். நகத்தால் கீறினால் கீறல் விழும். வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். சாம்பிராணியும் வார்னிஷும் கலந்ததுபோல், ஆனால் இரண்டும் இல்லை. பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை, மேலே பார்க்கும் இரண்டு அம்புகள். குடையும் கோப்பையும் போட்டிருப்பதால் உள்ளே குடையும் கோப்பையும் இருக்கின்றன என்று என் அம்மா நம்பினாள். "கம்பெனில அவ்ளோ பேருக்கும் டீ குடுக்கணுமே" என்றாள்.

காலியான பெட்டிகளின் பலகையை ஊருக்கே கொடுத்தார்கள். ஞாபகம் இருக்கிறதா? யார் வீட்டில்தான் அது இல்லை? கோழிக்கூடு, மாட்டுக்கொட்டகைத் தடுப்பு, பள்ளிக்கூட பெஞ்சு. எங்கள் வீட்டுக்கு முன்கதவே அதில்தான். அப்பா அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார். அம்புகள் இரண்டும் பூமிக்குள் இறங்கு என்று காட்டிக்கொண்டிருந்தன. ஒரு கோடைக்காலம் முழுக்க ஊரே அந்த வாசனைக்குள் கிடந்தது. தூங்கி எழுந்தால் தலைமுடியில் அது இருக்கும். சோற்றில் இருக்கும். இப்போதும் எங்கள் ஸ்டோர்ஸில் புதுப் பெட்டி உடைக்கும்போது அந்த வாசனை வந்தால் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் முட்டி வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் அப்பா அந்தப் பெட்டிகளுக்கு வாட்ச்மேன். காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு தடி. நிலம் கைவிட்டுப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே வேலை அது. வேலை போட்டுக் கொடுத்தது லீடரின் அப்பா. அவர்தான் அங்கே ஆள் விடும் கான்ட்ராக்டர். ஒரு பெட்டியில் ஆணி கழன்றால்கூட வாட்ச்மேனை அனுப்பிவிடுவேன் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் நான்கு இருளர் வீடுகள் இருந்தன. அதில் ஒன்று பாம்புக்காரருடையது. லீடர், அவர் பாம்பாட்டி இல்லை. மகுடி ஊதிப் பிச்சை எடுத்தவர் இல்லை. அறுவடை நேரத்தில் நம் வீட்டு ஆட்களே போய்க் கூட்டிவந்து வரப்பில் எலி வளையைத் தோண்டச் சொல்வார்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாரைப்பாம்பை அவர் தொடமாட்டார், வாலைத் தட்டி அனுப்பிவிடுவார். "நானும் அதுவும் ஒரே வேலைதான். எலி புடிக்கறோம். அதுக்குக் கூலி இல்ல, எனக்கும் சரியா இல்ல" என்று சிரிப்பார்.

அவர் மகள் நம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவாள். அவள் பக்கத்தில் நீங்கள் யாரும் உட்காரவில்லை. எனக்கும் பெரிய மனசு ஒன்றும் கிடையாது. நான் தினமும் லேட்டாக வருவேன், அந்த இடம்தான் காலியாக இருக்கும். அப்படித்தான் சிநேகிதி ஆனோம். சிலேட்டில் அவள் பாம்புத் தலைகளாக வரைவாள். சாரைக்குக் கண் பெரிது, உதட்டில் மைக்கோடு கோடாக இருக்கும் என்பாள். ஒருநாள் விளையாட்டு மைதானத்தில் ஒரு சாரை போனது. லீடர் கல்லை எடுத்தான்.

"அது எலி புடிக்க வந்துகீது. உன்ன புடிக்க வரல. கல்ல கீழ போடு" என்றாள் அவள்.

"பாம்புக்காரன் பொண்ணு பாம்புக்கு வக்கீலாடி நீ?"

"ஆமா. உனக்கும் வேணுமா சொல்லு, எலிக்குக்கூட வக்கீலா வருவேன்."

வகுப்பே சிரித்தது. லீடர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பற்கள் அப்போது கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும்.

இனி அந்த மத்தியானம்.

நான் அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைசிப் பெட்டியின் நிழலில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்துவிட்டார். வேலையாட்கள் எல்லோரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. வெயில் காதுக்குள் ரீங்காரம் போட்டது. நான் பெட்டித் தெருவில் நடந்துபோனேன். ஒரு மூலையில் லீடர் நின்றிருந்தான், கையில் கடப்பாறைத் துண்டு. இறக்கும்போது இடிபட்டு ஓரத்தில் வாய் பிளந்த ஒரு பெட்டி அங்கே இருந்தது. அந்தப் பலகை அவனுக்கு வேண்டும். கிரிக்கெட் மட்டை செதுக்க.

"புடிடி இந்தப் பக்கம். உனக்கும் எதுனா கெடைக்கும்."

பிடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆணிகள் முனகிக்கொண்டே வந்தன. பலகை விலகியதும் உள்ளேயிருந்து குளிர்ந்த இருட்டு முகத்தில் அடித்தது. எண்ணெய் வாசனை, மர வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, பெயர் தெரியாத வாசனை. கையை விட்டேன். ஒரு சின்ன வெள்ளைத் துணிப்பை அகப்பட்டது. கிழித்தால் நீல மணிகள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. மயில் கழுத்து நீலம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெளிச்சம் போய் உட்கார்ந்துகொண்டது. அது மிஷின் துருப்பிடிக்காமல் ஈரத்தை உறிஞ்சப் போடுவது என்று இன்று எனக்குத் தெரியும், தினமும் குப்பையில் கொட்டுகிறேன். அன்று அதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை.

மணிகளைப் பாவாடையில் கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் இருட்டு அசைந்தது.

முதலில் கயிறு என்று நினைத்தேன். அது ஊர்ந்து வரவில்லை, வழிந்து வந்தது. தார் டின்னைக் கவிழ்த்தால் எப்படி வழியுமோ அப்படி. அவசரமே இல்லை. மேலெல்லாம் மரத்தூள் படிந்திருந்தது. கறுப்பு. முகவாயும் தொண்டையும் மட்டும் வெள்ளை, பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காத குழந்தை மாதிரி. வந்துகொண்டே இருந்தது. வால் வெளியே வருவதற்குள் தலை அடுத்த பெட்டியைத் தாண்டியிருந்தது. கறுப்புச் செதில்களுக்கு நடுவே, உடம்பை நீட்டும்போது மட்டும், மெல்லிய சிவப்பு தெரிந்து மறைந்தது. எங்கள் இருவருக்கும் பயம் வரவில்லை. லீடர், நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "எவ்ளோ நீட்டு" என்று மட்டும் சொன்னாய். அது செம்மண்ணைக் கடந்து, முள்கம்பிக்கு அடியில் நுழைந்து, ஊர் எல்லை வேப்பமரத்துக்குப் போய், சுற்றிக்கொள்ளாமல், நேராக, சுவரில் தண்ணீர் மேல்நோக்கி ஏறினால் எப்படி இருக்குமோ அப்படி ஏறி இலைக்குள் போய்விட்டது.

கையை உதறிவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய்.

"எவன்கிட்டயும் சொல்லாத. சொன்னா உங்க நைனா வேல பூடும். எனக்கு வூட்ல தோல உரிச்சிடுவாங்க."

பலகையை அப்படியே சாத்திவைத்துவிட்டு ஓடினோம்.

அன்று சாயந்திரம் நீல மணிகளில் ஒரு கை நிறைய அவளுக்குக் கொடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்தது, யாரிடமும் காட்டாதே என்றேன். பாம்பைச் சொல்லவில்லை. அவள் மணிகளைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள்.

மூன்று நாள் அது வேப்பமரத்தில் இருந்தது. காக்காய்கள் மரத்தைச் சுற்றிக் கத்தின. மரத்தடி வீட்டுக் கோழியின் முட்டைகள் காணாமல் போயின. யாரோ ஒருவர் பார்த்துவிட்டார். கருநாகம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. யாரும் அந்தப் பக்கம் தண்ணீருக்குப் போகவில்லை. லீடரின் அப்பா ஆள் அனுப்பிப் பாம்புக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் வந்து ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏறினார். மேலே காய்ந்த இலைகளில் கிலுகிலுவென்று ஒரு சத்தம். பாம்பு வாலை நடுக்கித் தட்டியது. கூட்டம் நாலா பக்கமும் ஓடியது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இரண்டு கையிலும் ஏந்தினார். புரட்டினார். வயிறு வெள்ளையும் கறுப்புமாக, தாயம் ஆடக் கட்டம் போட்டதுபோல் இருந்தது. குடலைப் புரட்டும் நாற்றம் ஒன்று அதிலிருந்து வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு குச்சியால் வாயைத் திறந்து பார்த்தார். கண்ணைப் பார்த்தார். செதிலைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். நமக்குப் பரீட்சைத் தாள் திருத்தும்போதுகூட யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"விஷம் இல்ல. பல்லு பாருங்க, எல்லாம் பொடிப் பல்லு. சாரை சாதிதான். ஆனா நம்ம சாரை இல்ல" என்றார்.

"சாரை மஞ்சளா இருக்கும்யா. இது கரி மாதிரி கீது. கருநாகம்தான்" என்றார் லீடரின் அப்பா.

"நாகம்னா இந்நேரம் படம் எடுத்திருக்காதா? இவ்ளோ நேரமா புடிச்சிகினு கீறேன்."

"அப்ப இன்னா பாம்பு? பேர சொல்லு."

அவர் மறுபடியும் வயிற்றைப் புரட்டிப் பார்த்தார். "பேரு தெரியலங்க. நான் பாத்ததே இல்ல. எங்கப்பன் பாத்தும் சொன்னதில்ல. இது நம்மூரு பாம்பு இல்ல."

கூட்டம் முணுமுணுத்தது. அவர் சட்டென்று முன்கையைப் பாம்பின் வாய்க்குக் கொடுத்தார். அது கடித்தது. கையில் வளைவாகச் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள், குண்டூசியால் குத்திக் கோலம் போட்டதுபோல். "ஒரு பீடி பிடிக்கற நேரம் பாருங்க. நான் வுழறேனான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். பீடி முடிந்தது. அவர் எழுந்து நின்றார்.

யாராவது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "விஷம் ஏறாம இருக்க வேர தின்னுட்டு வந்துகீறான்" என்றது ஒரு குரல். விஷம் இல்லை என்பதை அவர் நிரூபித்துவிட்டார், அதனாலேயே அவர் மேல் சந்தேகம் வந்தது. இதைவிட முட்டாள்தனத்தை நான் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

லீடரின் அப்பா கிட்டே வந்தார். "நம்மூரு பாம்பு இல்லன்னா எந்தூரு பாம்பு? அது உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? போன மாசம் வாட்ச்மேன் வேல கேட்டு வந்தே. இல்லன்னு சொன்னேன். அந்த வயித்தெரிச்சல்ல கொண்டாந்து வுட்டியா?"

"நான் இன்னாத்துக்குங்க வுடப்போறேன்?"

அப்போதுதான் லீடர், நீ முன்னால் வந்தாய். உன் சட்டையில் மேல் பட்டன் இல்லை. அதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நைனா, நான் பாத்தேன். இவருதான் கோணில கொண்டாந்து மரத்தாண்ட வுட்டாரு."

இதுதான் உன் பொய். இப்போது என்னுடையதைச் சொல்கிறேன்.

பாம்புக்காரர் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னைக் கை காட்டினாள். "இவளக் கேளுங்க. பெட்டிய தொறந்தாங்க. இவளுக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கூட்டத்தின் ஓரத்தில், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் பாவாடை நுனியில் முடிச்சு இருந்தது. அவிழ்த்துக் காட்டியிருந்தால் போதும். நீல மணிகள் பெட்டியைத் தவிர வேறு எங்கே கிடைக்கும்? அவள் விரல்கள் அந்த முடிச்சைப் பிடித்தன. என்னையே பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பாம்பை அவர் கையிலிருந்து தட்டிவிட்டுக் கடப்பாறையால் அடித்தார்கள். அது திருப்பித் தாக்கவில்லை, மரத்தைப் பார்த்துத்தான் போகப் பார்த்தது. செத்த பிறகு எல்லோருக்கும் தோஷ பயம் வந்துவிட்டது. நாகத்துக்குச் செய்யும் முறையெல்லாம் செய்தார்கள். வாயில் ஒரு காசு, மேலே பால், மஞ்சள் துணி, விறகு. கடல் தாண்டி, பெட்டிக்குள் பட்டினி கிடந்து வந்த ஒரு சாரைக்கு நம் ஊர் நாகமாகக் காரியம் நடந்தது. விறகில் பாதி அந்தப் பெட்டிப் பலகை. புகையில் அதே வாசனை. வானம் ஆரஞ்சாக இருந்தது, ஏரிப் பக்கம் கொக்குகள் திரும்பிக்கொண்டிருந்தன, நான் பார்த்ததிலேயே அழகான சாயந்திரம் அது. அதற்காக எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த அழகுக்கு நடுவேதான் ஏரிக்கரையில் அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அதே நேரத்தில் கம்பெனிப் பக்கமிருந்து டொக், டொக் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. அப்பா அந்தப் பலகையைத் திரும்ப ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். பெஞ்சில் என் இடத்தில் மணிகள் குவியலாக இருந்தன. அவள் இல்லை, விடிவதற்குள் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டதாம். மணிகள் நீலமாகவும் இல்லை. வேர்வை பட்டோ, ஏரித் தண்ணீர் பட்டோ, எல்லாம் ரோஜா நிறமாகியிருந்தன.

பத்து பதினைந்து நாள் கழித்து அந்தப் பெட்டியை முறைப்படி திறந்தார்கள். மிஷினைச் சரிபார்க்க வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் உள்ளே கையை விட்டு ஒரு பாம்புச் சட்டையை இழுத்தாராம். முழுச் சட்டை, ஆள் உயரத்துக்கு மேல். மற்றவர்கள் பின்வாங்க, அவர் சிரித்தாராம். தன் ஊரில் தோட்டத்து ஷெட்டில் இருக்கும், ஒன்றும் செய்யாது, எலி தின்னும் என்று கையைக் காட்டிச் சொன்னாராம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். அப்பா சோற்றைப் பிசைந்தபடி அம்மாவிடம் சொன்னார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்.

"போயி அந்த மனுசனுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வரட்டா?"

"எங்க போயி தேடுவ? வாய மூடிகினு துன்னு" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிட்டார். பாம்புக்காரரைத் தண்டிக்க ஊருக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்த பிறகு, நாலு ஊர் தேடிப்போய்ச் சொல்ல ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. எங்களுக்குச் சோறு போட்டார். அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் எங்கள் ஸ்டோர்ஸில் ரேக்குக்கு அடியில் ஒரு பாம்பு. தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, லைனில் வேலை செய்பவள், மேஜை மேல் ஏறிக்கொண்டு, "யக்கா, நல்ல பாம்புக்கா! கிட்ட போயிராதிய!" என்று கத்தினாள். ஷிஃப்டே நின்றது. பாம்பு பிடிக்க ஆள் கூப்பிட்டார்கள். பைக்கில் ஒரு பொம்பளை வந்து இறங்கினாள். நரைத்த தலை, கையில் கொக்கி. குனிந்து பார்த்த உடனே சொன்னாள்.

"சாரைம்மா. கண்ணு பெருசு, உதட்டுல கோடு பாரு. மேஜைலேர்ந்து எறங்கு, அதுக்கு நீ வேணாம், எலிதான் வேணும்."

அவள்தான். பையில் போட்டுக் கட்டினாள். சூப்பர்வைசர் பீங்கான் கப்பில் டீ கொடுத்தார். இந்தப் பாம்பை நீதான் கொண்டுவந்து விட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. நான் கிட்டே போனேன்.

"என்ன தெரியுதா?"

முகத்தைப் பார்த்தாள். "நீல மணி" என்றாள்.

நாங்கள் லோடிங் வாசலில் உட்கார்ந்தோம். இப்போது மணிமங்கலம் பக்கம் இருக்கிறாளாம். அவள் அப்பா இறந்து ஆறு வருஷம்.

"அன்னிக்கி முடிச்ச ஏன் அவுக்கல?" என்று கேட்டேன்.

"உங்க நைனா வேல பூடும்னு தெரியும். நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம். பிறகு, "எங்க நைனாவுக்கு ஊர வுட்டு வந்ததுகூட ஆறிப்போச்சி. அது இன்னா பாம்புன்றதுதான் ஆறல. சாவுற வரைக்கும் கேட்டுகினே இருந்தாரு. வெள்ளைத் தாடை, கட்டம் போட்ட வயிறு, இன்னா பாம்பும்மா அதுன்னு. தெரியாமயே பூட்டாரு" என்றாள்.

பாம்பு அமெரிக்கப் பெட்டியிலிருந்து வந்தது என்று அப்போது சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் போனை எடுத்துத் தேடினாள். ஒரு படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினாள். கறுப்பு உடம்பு. வெள்ளைத் தொண்டை. செதில்களுக்கு நடுவே சிவப்பு. வால் நடுக்குவது, மரத்தில் நேராக ஏறுவது, நாற்றம், எல்லாம் கீழே எழுதியிருந்தது. அமெரிக்காவின் எலி தின்னும் பாம்பு. விஷம் இல்லை.

"சாரை சாதிதான். நம்ம சாரை இல்ல" என்றாள். அவள் அப்பா சொன்னதை அப்படியே. அந்தப் போனை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எனக்குத் தெரியாததா? ஊருக்குச் சொல்லு" என்று எழுந்துபோனாள். அடுத்த வாரமே உன் நோட்டீஸ் வந்தது, லீடர்.

அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கோயில் எழும்பிய அந்த வேப்பமரத்தடியில் நானும் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன். முட்டை வைத்திருக்கிறேன். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், கோயில் நன்றாக இருக்கட்டும். அந்தத் தல வரலாற்றுப் பத்தி மட்டும் கூடாது. தன் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன ஒரே ஆளை, அப்படிச் சொன்னதற்காகவே விரட்டிவிட்டு, அவரைப் பொறாமை பிடித்த பாம்பாட்டி என்று கல்வெட்டில் வேறு செதுக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று தண்ணீர் தெளித்து முடிந்ததும் நீ மைக் பிடிப்பாய். ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டியிருப்பாய். நான் முன்வரிசையில் இருப்பேன். என் பக்கத்தில் அவள் இருப்பாள், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். முதலில் மைக்கை என்னிடம் கொடு. "எனக்குத் தெரியாது" என்று நான் அன்று சொன்னது பொய் என்று என் வாயால் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தது நான் என்று சொல்கிறேன். என் அப்பா ஆணி அடித்ததையும் சொல்கிறேன்.

பிறகு மைக் உன் கைக்கு வரும். கூடப் படித்தவர்களே, நீங்கள் எல்லோரும் அங்கே இருக்க வேண்டும், கும்பிடும் கையைப் போனில் போட்டுவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது.

லீடர், உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. பாம்புக்காரர் கோணியிலிருந்து பாம்பை விட்டதை நீ பார்த்தாயா?

ஆமாம் என்றால் அவள் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல். ஸ்பீக்கரில் சொல். ஊர் கேட்கச் சொல்.